புலம்பெயர்வு நிபுணர் என்றால் யார்? ஒரே கேள்விக்கு ஐந்து விடைகள் வருவது எப்படி?

இந்தியாவுக்குள் சொந்த ஊரை விட்டு வேறிடத்தில் வாழ்கிறவர்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டால் 45.36 கோடி. அதே கணக்கெடுப்பில் மாநில எல்லையைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 5.4 கோடி. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் என்றது. போவதும் வருவதுமாக இருக்கும் தொழிலாளர்கள் மட்டுமே 10 கோடி இருப்பார்கள் என்று பிரியா தேஷிங்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் மதிப்பிட்டார்கள். 2024 டிசம்பரில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு வெளியிட்ட ஆய்வுத்தாள் 40.2 கோடி என்று சொன்னதோடு, 2011ஐவிட இது சுமார் 12 சதவீதம் குறைவு என்றும் சொன்னது.

இந்த ஐந்து எண்களும் செய்திகளில் வரும்போது ‘புலம்பெயர்ந்தோர் எண்ணிக்கை’ என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. படிக்கிறவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும், இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று தோன்றும். உண்மையில் இந்த ஐந்து எண்களும் ஒரே பொருளை ஒரே வழியில் எண்ணியவை அல்ல.

புலம்பெயர்வு ஆய்வு என்பது மருத்துவம்போல ஒரே படிப்பு கிடையாது. மக்கள்தொகையியல், பொருளியல், சமூகவியல், மானிடவியல், சட்டம், வரலாறு, புவியியல் எனப் பல துறைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே மனிதரை வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

முதலில் சொற்கள்

தமிழிலேயே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்றால் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து வேலை செய்பவர். இலங்கைத் தமிழ் வழக்கில் ‘புலம்பெயர்ந்தவர்கள்’ என்றால் கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று நாட்டைவிட்டே போனவர்கள். போரால் நாட்டுக்குள் ஊர் மாறியவர்களை ‘இடம்பெயர்ந்தவர்கள்’ என்பார்கள். இந்த வேறுபாடு அனுபவத்திலிருந்து பிறந்தது, மிகத் துல்லியமானது. தமிழ்நாட்டில் இரண்டு சொல்லையும் ஒன்றாகவே புழங்குகிறோம். இந்தக் கட்டுரையில் ‘புலம்பெயர்வு’ என்ற சொல் எல்லா வகைக்கும் பொதுவாக வருகிறது.

அப்புறம், ஆய்வாளர்கள் எப்போதும் மனதில் வைத்திருக்கும் மூன்று பிரிவினைகள்:

1. இருப்பும் ஓட்டமும். ஏரியில் இன்று எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இந்த ஆண்டு வாய்க்கால் வழியாக எவ்வளவு வந்தது என்பது இன்னொரு கேள்வி. 45 கோடி என்பது ஏரி. ஆண்டுக்கு 90 லட்சம் என்பது வாய்க்கால். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

2. குடியேறுவதும் போய்வருவதும். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர் ஒருவகை. அறுவடை முடிந்ததும் கிளம்பி, மழைக்கு முன் திரும்புகிறவர் வேறுவகை. இரண்டாமவரைச் சுழற்சிப் புலம்பெயர்ந்தவர் என்கிறார்கள். எந்தக் கணக்கிலும் எளிதில் பிடிபடாதவர் இவர்தான்.

3. விருப்பமும் கட்டாயமும். வேலைக்காகப் போனவர், உயிருக்குப் பயந்து போனவர் என்ற பிரிவு. சட்டத்துக்கு இது உயிர்நாடி. நிஜ வாழ்க்கையில் இரண்டும் பெரும்பாலும் கலந்தே இருக்கும்.

எண்ணுகிறவர்கள்

மக்கள்தொகையியலாளர்கள்தான் இந்தத் துறையின் அடித்தளம். ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் வேலை பார்த்த வரைபட வல்லுநர் எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன், பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் இருந்த ‘பிறந்த இடம்’ என்ற தகவலைக் குடைந்து 1885இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலானோர் கிட்டத்திலுள்ள ஊருக்கே போகிறார்கள். தூரம் போகிறவர்கள் பெரிய தொழில் நகரங்களுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எதிர் ஓட்டம் உண்டு. குறைந்த தூரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள். 140 ஆண்டுகள் ஆகியும் இவற்றில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன.

பெண்களைப் பற்றிய கடைசிக் கருத்தை இந்தியாவில் வைத்துப் பாருங்கள். நம் கணக்கெடுப்பு இரண்டு கேள்வி கேட்கிறது: எங்கே பிறந்தீர்கள்? இதற்கு முன் எங்கே வசித்தீர்கள்? இப்போதிருக்கும் கிராமமோ நகரமோ அதிலிருந்து வேறாக இருந்தால் நீங்கள் புலம்பெயர்ந்தவர். மன்னார்குடியில் பிறந்து திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒரு எண். பாட்னாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த பையனும் ஒரு எண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணுக்கு அங்கே பிறந்து, மூன்றாம் மாதம் அப்பா ஊருக்கு வந்த குழந்தையும் ஒரு எண். கேலிக்காகச் சொல்லவில்லை, ‘பிறந்தபின் இடம்பெயர்ந்தவர்’ என்றே கணக்கெடுப்பில் ஒரு காரணப் பிரிவு இருக்கிறது. அந்த 45 கோடியில் ஏறத்தாழப் பாதிப் பேர் திருமணத்தால் இடம்பெயர்ந்தவர்கள். வேலை என்று காரணம் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான்.

அதனால் 45 கோடி பொய்யாகிவிடாது. அந்த எண்ணை எடுத்து ‘45 கோடித் தொழிலாளர்கள்’ என்று எழுதினால்தான் பொய். கல்யாணம் செய்துகொண்டு போன பெண்களும் வேலை செய்கிறார்கள், ஆனால் படிவத்தில் முதற்காரணம் கல்யாணம் என்றே பதிவாகும் என்ற உண்மையும் இதற்குள் புதைந்து கிடக்கிறது.

சரி, கணக்கெடுப்பு போதவில்லை என்றால் என்ன வழி? இதற்கு உலகமே திரும்பிப் பார்த்த ஒரு விடை பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் கேரளப் புலம்பெயர்வு ஆய்வைத் தொடங்கினார்கள். 10,000 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கதவைத் தட்டிக் கேட்ட கேள்வி மிக எளிது: இந்த வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில் இருக்கிறாரா? போய்விட்டுத் திரும்பி வந்தவர் உண்டா? எவ்வளவு பணம் வருகிறது? அதே கேள்விகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்கள். 2023இல் நடந்தது ஆறாவது சுற்று, 20,000 வீடுகளில்.

விடாமல் கேட்டதால் தெரிந்தது இது. 1998இல் சுமார் 13.6 லட்சமாக இருந்த வெளிநாடுவாழ் கேரளத்தவர், 2013இல் 24 லட்சமாக ஏறி, 2018இல் 21.2 லட்சமாக இறங்கி, 2023இல் 22 லட்சம் என்று நின்றார்கள். ஆள் கணக்கு 2018க்குப் பின் பெரிதாக அசையவில்லை. பணமோ 85,092 கோடி ரூபாயிலிருந்து 2,16,893 கோடிக்குத் தாவியது. அதே ஐந்தாண்டில் வெளிநாடு போன மாணவர்கள் சுமார் 1.29 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 2.5 லட்சமானார்கள். வளைகுடாவின் பங்கு சுமார் 89 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாகக் குறைந்தது. ‘கேரளத்தவர் வளைகுடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒற்றை வரியை வைத்து இதையெல்லாம் சொல்ல முடியுமா? ஒரே அளவுகோலை 25 ஆண்டு வைத்திருந்ததால்தான் சொல்ல முடிந்தது. 2015இல் இதே முறையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவந்து, சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் கேரளம்போல ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற தொடர்ச்சி வரவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

இந்த முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கதவைத் தட்டும்போது பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். குடும்பத்தோடு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டால் பூட்டிய வீடு பேசாது. ஆண் தனியாகப் போகும் வளைகுடாப் பயணத்தைப் பிடிக்க இந்த வலை நன்றாக உதவும். குடும்பமாகப் போகும் பயணம் அதில் நழுவும்.

பொருளாதார ஆய்வறிக்கையின் 90 லட்சம் வேறு வகை வலை. ரயிலில் முன்பதிவில்லாப் பயணச்சீட்டுகளை எடுத்து, மாநிலங்களுக்கிடையே ஒரு பக்கமாகக் கூடுதலாகப் போனவர்கள் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தார்கள். பஸ்ஸில் போனவர், லாரியில் போனவர் இதில் வரமாட்டார். 2024இன் 40.2 கோடியும் முன்பதிவில்லாப் பயணிகள், கைப்பேசி ரோமிங் போன்ற மறைமுகத் தடயங்களை வைத்து 2011 எண்ணை நீட்டிப் பார்த்த மதிப்பீடு. தலை எண்ணிய கணக்கு அது கிடையாது. அந்த எண்ணை வைத்து ‘குறைந்துவிட்டது’ என்று உறுதியாக எழுதுவதற்குப் பதில் ‘குறைந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்’ என்பதே நேர்மையான வாக்கியம்.

கூலியைப் பார்க்கிறவர்கள்

பொருளியலாளரின் முதல் கேள்வி: ஏன் போகிறார்கள்? நகரத்தில் கூலி அதிகம் என்ற பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நகரத்தில் வேலையில்லாமல் திண்டாடுகிறார்கள் என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? 1970இல் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டோடரோவும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஊரில் நாளைக்கு 400 ரூபாய் உறுதி என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் 900 ரூபாய், ஆனால் இரண்டு நாளில் ஒரு நாள்தான் வேலை. சராசரியாக 450. அவர் கிளம்புவார். நகரத்தில் வேலைகளைக் கூட்டினால் வாய்ப்பு கூடும், அதைக் கேள்விப்பட்டு இன்னும் பலர் வருவார்கள், வேலையின்மை அப்படியே இருக்கும்.

1980களில் ஓடெட் ஸ்டார்க் போன்றவர்கள் இதைத் திருத்தினார்கள். முடிவெடுப்பது தனி ஆள் இல்லை, குடும்பம் என்றார்கள். ஒரு மகன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான், இன்னொருவன் திருப்பூருக்கு வருகிறான். வெள்ளம் வந்து நெல் போனால் பனியன் கம்பெனிச் சம்பளம் சாப்பாடு போடும். கம்பெனி மூடினால் நிலம் இருக்கிறது. காப்பீடு கிடைக்காத இடத்தில் புலம்பெயர்வே காப்பீடு. ‘இந்தப் பையன் ஏன் ஊரிலேயே இதைவிடக் கொஞ்சம் குறைவான கூலிக்கு இருக்கக் கூடாது?’ என்ற கேள்வி இங்கே விழுந்துவிடுகிறது.

இரண்டாம் கேள்விதான் தெருவில் சண்டை மூட்டுவது: வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்களின் கூலியைக் குறைக்கிறார்களா? இதில் இரண்டு பெரிய பொருளியலாளர்கள் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1980 ஏப்ரலில் கியூபா தன் மாரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. அக்டோபருக்குள் சுமார் 1.25 லட்சம் பேர் படகேறி அமெரிக்காவின் புளோரிடா கரைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் மயாமியில் தங்கியதால், அந்த நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. ஆய்வாளருக்கு இது இயற்கை நடத்திக்கொடுத்த சோதனைபோல. வந்தவர்கள் மயாமியில் சம்பளம் நன்றாக இருக்கிறது என்று பார்த்து வரவில்லை. கதவு திறந்தது, வந்தார்கள். ஆகவே சம்பளத்தில் ஏதாவது மாறினால் அதற்குக் காரணம் இவர்களின் வருகை என்று சொல்ல இடமிருக்கிறது.

டேவிட் கார்டு மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய நகரங்களோடு ஒப்பிட்டார். 1990இல் வெளியான அவர் முடிவு: குறைந்த திறன் வேலைகளில் இருந்தவர்களின் கூலியிலோ வேலைவாய்ப்பிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. அந்தக் காலத்தில் பலரும் எதிர்பார்க்காத விடை இது. 2021இல் கார்டுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தபோது இந்த ஆய்வும் பேசப்பட்டது.

ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் போர்ஹாஸ், தானே சிறுவயதில் கியூபாவிலிருந்து வந்தவர், அதே தரவுகளை மீண்டும் எடுத்து 2017இல் மாற்றுக் கருத்தை வெளியிட்டார். பள்ளிப்படிப்பை முடிக்காத, லத்தீன் அமெரிக்க வம்சாவளியில் வராத ஆண்களை மட்டும் பாருங்கள். அவர்களுடைய கூலி 10 முதல் 30 சதவீதம் விழுந்திருக்கிறது என்றார்.

யார் சொல்வது சரி? இங்கேதான் நுணுக்கம். போர்ஹாஸ் பிரித்தெடுத்த அந்தச் சிறு பிரிவில், மயாமியில் ஓர் ஆண்டுக்குக் கணக்கில் வந்தவர்கள் முப்பது பேர்கூடத் தேறாது. அத்தனை சிறிய குழுவில் நான்கைந்து பேர் மாறினாலே சராசரி ஆடும். மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிபர் ஹன்ட்டும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள்: சரியாக அதே ஆண்டுகளில் கணக்கெடுப்பு முறை மேம்பட்டு, முன்பு விடுபட்டுப்போன, குறைந்த கூலி வாங்கும் கறுப்பின ஆண்கள் அந்தக் குழுவில் கூடுதலாக இடம்பெற்றார்கள். ஆக, கூலி விழுந்ததா, இல்லை குழுவில் இருந்த ஆட்கள் மாறினார்களா? ஜொவானி பெரியும் வசில் யசெனோவும் சற்றே பெரிய குழுவை எடுத்துப் பார்த்தபோது வீழ்ச்சி தெரியவில்லை. என் வாசிப்பில் கார்டின் பக்கமே வலுவாக இருக்கிறது. போர்ஹாஸின் கேள்வியை ஒதுக்க முடியாது என்பதும் உண்மை. சராசரியில் பாதிப்பில்லை என்றாலும், நேரடியாகப் போட்டி போடும் ஒரு சிறு பிரிவுக்கு வலித்திருக்கலாம். கோயம்புத்தூர் பவுண்டரியிலோ சென்னைக் கட்டட வேலையிலோ இதே கேள்வி எழும்போது ‘எந்த வேலையில், யாரோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டில்?’ என்ற மூன்றையும் கேட்காமல் யாருடைய பதிலையும் நம்பத் தேவையில்லை.

எல்லையை மூடியபோது நடந்தது

சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் ஹோர்ஹே துராண்டும் 1982இல் மெக்சிகோ கிராமங்களில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் வீடு வீடாகப் போய், குடும்பத் தலைவரின் வாழ்நாள் முழுவதும் அவர் எத்தனை முறை எல்லை கடந்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எப்போது திரும்பினார் என்று எழுதிக்கொண்டார்கள். எண்ணிக்கையும் வாழ்க்கைக் கதையும் ஒரே படிவத்தில்.

அதில் தெரிந்தது: மெக்சிகோ ஆண்கள் பலர் அமெரிக்காவில் குடியேறப் போகவில்லை. ஒரு பருவம் வேலை, கொஞ்சம் சேமிப்பு, ஊரில் ஒரு வீடு என்று போய்வந்துகொண்டிருந்தார்கள். 1986க்குப் பின், குறிப்பாக 1993-94இல் எல் பாஸோ, சான் டியேகோ பகுதிகளில், எல்லைக்காவல் பல மடங்கு இறுக்கப்பட்டது. கடத்திவிடும் தரகரின் கட்டணம் ஏறியது. பாலைவனம் வழியாகப் போக வேண்டியதாகி உயிர் போகும் ஆபத்தும் கூடியது. ஒருமுறை உள்ளே போய்விட்டவர் ‘திரும்பினால் மறுபடி வர முடியாது’ என்று அங்கேயே தங்கினார். பின் மனைவி மக்களை வரவழைத்தார். ஆவணமற்றோர் எண்ணிக்கை 1980களின் பிற்பகுதியில் சில பத்து லட்சங்களாக இருந்தது, 2008 வாக்கில் ஒரு கோடியைத் தாண்டியது. உள்ளே வராமல் தடுக்கப் போட்ட பூட்டு, வந்தவர் வெளியே போகாமலும் தடுத்துவிட்டது.

எல்லைக் காவலில் பிடிபட்டவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இது தெரிய வழியே இல்லை. திரும்பிப் போகாதவரை எந்தச் சோதனைச் சாவடியும் எண்ணுவதில்லை.

கூடவே இருந்து பார்க்கிறவர்கள்

மானிடவியலாளரும் களச் சமூகவியலாளரும் வருடக்கணக்கில் ஒரே இடத்துக்குப் போய்வருவார்கள். அவர்கள் பார்ப்பது சில நூறு பேரைத்தான். ஆனால் படிவத்தில் கட்டமே இல்லாத விடைகள் அங்கே கிடைக்கும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த யான் பிரெமன் 1960களின் தொடக்கத்திலிருந்து தெற்குக் குஜராத்துக்குப் போய்வந்தார். அவரை உறுத்தியது ஒரு புதிர். பர்தோலிப் பகுதிச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்ட மகாராஷ்டிரத்தின் கான்தேஷிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அதே நேரம் உள்ளூர் நிலமற்ற கூலிகள் வேலை தேடி வேறெங்கோ போனார்கள். ஆள் பற்றாக்குறை என்றால் இது ஏன்? வெளியூர்க்காரர் முன்பணம் வாங்கியிருக்கிறார், வயல் ஓரத்தில் படுத்திருக்கிறார், நள்ளிரவில் எழுப்பினாலும் வருவார், பேரம் பேச உறவோ சாதிச் சங்கமோ பக்கத்தில் இல்லை. பருவம் முடிந்ததும் போய்விடுவார். முதலாளிக்குத் தேவைப்பட்டது கட்டுப்படுகிற ஆள் என்றார் பிரெமன். ‘நம்ம ஊர் ஆட்கள் வேலைக்கு வருவதில்லை’ என்று தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியத்தை இந்த ஆய்வுக்குப் பின் அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. எந்த நேரத்துக்கு, என்ன கூலிக்கு, எந்த மரியாதையோடு கூப்பிட்டார்கள் என்பதும் அந்த வாக்கியத்தில் சேர வேண்டும்.

சீன மானிடவியலாளர் சியாங் பியாவ், ஹைதராபாத்திலும் சிட்னியிலும் இருந்து, மென்பொருள் ஆட்களை வெளிநாட்டுக்கு வாடகைக்கு விடும் நிறுவனங்களைப் பார்த்தார். அமெரிக்க வேலைக்கும் ஆந்திர வரதட்சணைச் சந்தைக்கும் உள்ள தொடர்பை அவர் காட்டினார். பின்னர் யோஹான் லிண்ட்குவிஸ்டோடு சேர்ந்து, ஏஜெண்ட், பாஸ்போர்ட் அலுவலகம், மருத்துவச் சோதனை மையம், விமான நிறுவனம் எல்லாம் சேர்ந்த இயந்திரத்தையே ஆராய வேண்டும் என்றார். மிஷேல் கம்பர்ட் இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஒரே சிங்களக் கிராமத்துக்கு 1990களிலிருந்து திரும்பத் திரும்பப் போய், வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மாரின் வீட்டில் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள், கணவன் என்னவாகிறான் என்று பதிவு செய்தார்.

வரலாறும் சட்டமும்

‘இதுவரை இல்லாத அளவு’ என்று செய்தி சொல்லும்போது வரலாற்றாய்வாளரைக் கேட்பது நல்லது. சுனில் அம்ரித்தின் கணக்குப்படி 1840 முதல் 1940 வரை வங்காள விரிகுடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்த பயணங்கள் சுமார் 2.8 கோடி. பர்மா, இலங்கை, மலாயா ஆகியவையே முக்கிய இடங்கள். போனவர்களில் பெரும் பகுதி தமிழரும் தெலுங்கரும். கங்காணி வந்து கூட்டிக்கொண்டு போன அந்தப் பயணங்களில் பலர் சில ஆண்டுகளில் திரும்பினார்கள். போய்வருவது நம் கடற்கரைக்குப் பழைய வழக்கம்.

திரும்பாமல் தங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சட்ட ஆய்வாளர் சொல்வார். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஒரு தலைமுறைக்கு முன் ‘தொழிலாளர்’, பின் ‘நாடற்றவர்’, இங்கே வந்ததும் ‘தாயகம் திரும்பியோர்’. ஆள் ஒருவரேதான், மாறியது சட்டம் ஒட்டிய சீட்டு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே இங்கே ஒருவரைச் செய்தித்தாள் ‘அகதி’ என்று எழுதுவதால் அவருக்கு அந்த உடன்படிக்கையின் உரிமை வந்துவிடாது.

செய்தியைப் படிக்கும்போது கவனிக்க

1. ‘வளர்ச்சி வந்தால் போவது நின்றுவிடும்.’ ஏழை நாடுகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தலைகீழ். கிளெமன்ஸ், ஹெய்ன் டி ஹாஸ் போன்றோர் காட்டியபடி, வாங்கும் திறனில் கணக்கிட்ட தலா வருமானம் ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலரை எட்டும்வரை வெளியேற்றம் கூடும், அப்புறம்தான் குறையத் தொடங்கும். ஏஜெண்டுக்குக் கொடுக்கவும் டிக்கெட் எடுக்கவும் கையில் காசு வேண்டும். பரம ஏழையால் தூரம் போக முடியாது.

2. ‘காலநிலை அகதிகள் இத்தனை கோடி.’ 2050க்குள் 21.6 கோடி என்ற உலக வங்கியின் 2021 எண் அடிக்கடி வருகிறது. அது நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்களின் மேல் வரம்பு மதிப்பீடு. ஐரோப்பாவின் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்கள் என்று படிக்கக் கூடாது. ரிச்சர்ட் பிளாக் போன்ற புவியியலாளர்கள் இதற்கு மறுபக்கத்தைச் சுட்டினார்கள்: வெள்ளமும் வறட்சியும் சொத்தைக் கரைத்துவிட்டால், போக வேண்டியவரே போக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

3. ‘நிபுணர் கூறினார்.’ கூலி பற்றிச் சொன்னால் அவர் பொருளியலாளரா? எண்ணிக்கை என்றால் கணக்கெடுப்பா, மாதிரி ஆய்வா, ரயில் சீட்டா? கிராமத்தில் ஐந்து ஆண்டு இருந்த மானிடவியலாளரிடம் நாட்டு மொத்த எண்ணிக்கையைக் கேட்பதும், எண்ணிக்கை நிபுணரிடம் ‘அந்தப் பெண் ஏன் போனாள்’ என்று கேட்பதும் இரண்டு பேருக்கும் செய்கிற அநீதி.

சூளை வாசலில்

இதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்று கடைசியாகப் பார்ப்போம். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர் பகுதியில் நுவாகாய் என்ற புத்தரிசித் திருநாள் முடிந்த பிறகு சர்தார் எனப்படும் தரகர் முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, பிள்ளை சேர்ந்த ஒரு குழுவுக்கு ஒரு தொகை. தெலுங்கானாவுக்கும் தமிழ்நாட்டில் திருவள்ளூர் பக்கச் செங்கல் சூளைகளுக்கும் வருவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கு ஆண் பெயரில் எழுதப்படும். மண் பிசைந்த மனைவியும் கல் திருப்பிய பிள்ளையும் ஏட்டில் வருவதில்லை. மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள்.

1979இன் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கு மட்டுமே பொருந்தியது. தானாக ரயிலேறி வந்தவர் சட்டத்தின் கண்ணில் புலம்பெயர்ந்தவரே இல்லை. சர்தார் மூலம் வந்தவருக்கும், அந்தத் தரகர் உரிமம் பெற்றவராகப் பதிவில் இருந்தால்தான் ஏதாவது. 2020 மார்ச்சில் நாடு பூட்டப்பட்டபோது இந்த ஓட்டை வெளியே தெரிந்தது. பின்னர் மத்திய அரசு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாக நாடாளுமன்றத்தில் சொன்னது. வழியில் இறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது அப்படிப்பட்ட தரவு இல்லை என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்தவரையும் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் கேட்டது அது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், குறிப்பிட்ட சம்பள வரம்பு என்ற நிபந்தனைகள் இன்னும் இருக்கின்றன.

கடந்த கணக்கெடுப்பில் தலைகள் எண்ணப்பட்டது 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. சூளை வேலை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. ஊரில் வீடு பூட்டியிருக்கும். குடும்பம் சூளைக்குப் பக்கத்தில், தாங்களே அறுத்த பச்சைக் கல்லை அடுக்கிக் கட்டிய இடுப்புயரக் குடிசையில் இருக்கும். அதற்குக் கதவு எண் கிடையாது. அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தான். இடம்பெயர்ந்த காரணம் கேட்கும் கட்டம் படிவத்தில் இருக்கும். ஆசிரியர் ஒருவர் கைப்பேசியோடு தெருத் தெருவாக வருவார். தார்ச்சாலை முடிந்து சூளைக்குப் போகும் மண்பாதையில் அவர் இறங்க வேண்டும், உள்ளே இருக்கிற பெண்ணிடம், அவளுக்குப் புரிகிற மொழியில், உன் ஊர் எது என்று கேட்க வேண்டும்.